தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் தற்செயல் காலியிடங்கள்

ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர், நகர்மன்ற உறுப்பினர், மேயர் போன்றோர் பதவிக்காலம் முடியும் முன்பே இறந்தாலோ, பதவி விலகினாலோ, தகுதி இழந்தாலோ, நீக்கப்பட்டாலோ ஏற்படும் வெற்றிடம் தற்செயல் காலியிடம் எனப்படுகிறது. மக்கள் நேரடியாக வாக்களிக்கும் பதவி என்றால் மாநிலத் தேர்தல் ஆணையம் இடைத்தேர்தல் நடத்தும். உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் பதவி என்றால் அவர்களே மீண்டும் கூடி வாக்களிப்பார்கள்.

பதவியில் இருப்பவரை இடையில் இறக்கும் வழக்கம் இம்மண்ணில் பழையது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலையில் தேர்வான வாரியத்தாருக்கு 360 நாள் பதவிக்காலம் வகுத்தன. குற்றம் செய்தவரை அந்தக் காலம் முடியும்வரை விட்டுவைக்காமல் உடனே நீக்கவும் விதித்தன. ஆங்கிலேயர் காலத்தில் 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டமும், 1920-இல் வந்த நகராட்சி, உள்ளாட்சி வாரியச் சட்டங்களும் இன்றைய அமைப்புக்கு அடித்தளம் இட்டன. சென்னைக்கு 1933-இல் மேயர் பதவி வந்தபோது ஆண்டுதோறும் கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓராண்டுப் பதவியில் இடையில் விழும் வெற்றிடம் பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. 1973-இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டபின் 1996 வரை, 23 ஆண்டுகள், அங்கே தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர்கள் ஆண்டார்கள். ஒரு மன்றம் முழுவதும் காலியானால் எத்தனை நாளுக்குள் நிரப்ப வேண்டும் என்று அரசைக் கட்டாயப்படுத்த அன்று வலுவான விதி இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்கவே அரசமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்கள் வந்தன. உள்ளாட்சிக்கு 5 ஆண்டுப் பதவிக்காலம். அது முடியும் முன்பே அடுத்த தேர்தல். இடையில் கலைத்தால் 6 மாதத்துக்குள் தேர்தல் என்று 243-இ, 243-யு பிரிவுகள் கூறுகின்றன. தனி ஒருவரின் காலியிடத்தை நிரப்பும் முறையை மாநிலச் சட்டங்களே வகுக்கின்றன. தமிழ்நாட்டில் ஊரகப் பகுதிக்கு அது 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். இடைத்தேர்தலில் வென்றவர் எஞ்சிய காலத்துக்கு மட்டுமே பதவி வகிப்பார். இடஒதுக்கீடு மாறாது. தலைவர் பதவி காலியானால், புதியவர் வரும்வரை துணைத் தலைவர் பொறுப்பைக் கவனிப்பார். சிற்றூராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதால், இருவரில் ஒருவர் இல்லாமல் போனாலும் மாற்று ஏற்பாடு வரும்வரை தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் பணம் எடுப்பது சிக்கலாகிவிடும்.

இந்த விதிகளுக்கு மிகக் கடுமையான சோதனை மதுரைப் பக்கத்திலிருந்து வந்தது. தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனும் துணைத் தலைவர் மூக்கனும் உட்பட 6 பேர் சாதி வெறியர்களால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலைவர் இல்லாவிட்டால் துணைத் தலைவர் பார்த்துக்கொள்வார் என்று சட்டம் எழுதியிருந்தது. இருவரையும் ஒரே நாளில் பறிகொடுத்த ஊருக்கு அந்த வாசகம் என்ன உதவி செய்திருக்க முடியும்?

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளில் நடந்தது இன்னொரு வகை. வேட்புமனுவே தாக்கலாகாமல் தடுத்தார்கள். அல்லது ஆதிக்க சாதியினர் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவரை நிறுத்தி, பதவியேற்றவுடன் ராஜினாமா கடிதம் கொடுக்க வைத்தார்கள். ஆணையம் மறுபடி தேர்தல் அறிவிக்கும். பதவி மறுபடி காலியாகும். 10 ஆண்டுகள் இப்படியே கழிந்தன. ராஜினாமா உறுப்பினரின் உரிமை என்று கருதும் சட்டத்தால், மிரட்டி வாங்கிய ராஜினாமாவை எளிதில் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் பதவி எத்தனை முறை காலியானாலும் ஒதுக்கீட்டை மாற்றாத விதி ஒன்றுதான் அந்த மக்களின் உரிமையைக் காத்து நின்றது. அரசும் மாவட்ட நிர்வாகமும் முனைந்து நின்ற 2006 அக்டோபர் தேர்தலில்தான் நான்கு ஊர்களிலும் நிலைத்த தலைவர்கள் வந்தார்கள்.

நகர்ப்புறக் காலியிடங்களின் கதை தேர்தல் முறையோடு பிணைந்தது. மேயரை மக்கள் 1996, 2001, 2011 தேர்தல்களில் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2002-இல் இரட்டைப் பதவிக்கு எதிரான சட்டத் திருத்தத்தையும் வழக்கையும் அடுத்து மு.க. ஸ்டாலின் சென்னை மேயர் பதவியை இழந்தபோது, துணை மேயர் கராத்தே தியாகராஜனே பொறுப்பு மேயராக நீடித்தார். நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கோயம்புத்தூர் மேயர் பதவி 2014-இல் காலியானதும் செப்டம்பரில் மாநகர் முழுவதும் வாக்குப்பதிவு நடந்தது. அதே நகரில் 2024-இல் மேயர் விலகியபோது புதியவரை மாமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தார்கள். செலவு மிச்சம்தான், ஆனால் தங்கள் மேயர் ஏன் மாறினார் என்று கேட்கும் வாய்ப்பு வாக்காளருக்குக் கிடைக்கவில்லை.

எண்ணிக்கையில் பார்த்தால் காலியிடங்களில் பெரும்பாலானவை சிற்றூராட்சி வார்டுகளே. 2022 ஜூலை 9-இல் தேர்தல் அறிவிக்கப்பட்ட 510 பதவிகளிலும் அவையே மிகுதி.

ஒரு வார்டு காலியானால் தேர்தல் நடத்தும் ஏற்பாடு இப்படி ஓரளவு வேரூன்றிவிட்டது. எல்லா வார்டுகளும் ஒரே நாளில் காலியாகும்போதுதான் அது கைவிடுகிறது. 2016 அக்டோபர் தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்தபின், 27 மாவட்ட ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரிலும், எஞ்சிய 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் வந்தது. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை முடிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2006-லேயே கிஷன்சிங் தோமர் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருந்தது. 2019-இல் தேர்வான ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தபோதும் அவை தனி அலுவலர்களிடமே ஒப்படைக்கப்பட்டன.