இணையத்தில் கேள்வி கேட்பது எப்படி? ஒரு சின்ன வரலாறு

கல்லூரியில் முதலாண்டு படித்தபோது ஒருநாள் இரவு லினக்ஸ் நிறுவ உட்கார்ந்தேன். வந்தது வெறும் கறுப்புத் திரை. அறைத்தோழனின் கணினியை வாங்கி, ஒரு மடற்குழுவில் "லினக்ஸ் வேலை செய்யவில்லை, அவசரம், உதவவும்" என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. மொத்தமே நான்கு எழுத்து: ஆர்டிஎஃப்எம். "போய்க் கையேட்டைப் படி" என்பதை ஒரு வசவோடு சேர்த்துச் சுருக்கியது அது.

சந்தேகம் கேட்டவனை இப்படியா விரட்டுவது என்ற கோபத்தில்தான் இந்த வழக்கத்தின் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன். தேடிக்கொண்டே போனால் கடைசியில் டெலிபோன் பில்லில் போய் நிற்கிறது!

1979ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யூஸ்நெட்டுக்குத் திட்டமிட்டார்கள். அடுத்த ஆண்டே அது ஓடத் தொடங்கியது. பெரும்பாலும் இரவு நேரத்தில், ஒரு கணினி இன்னொரு கணினியை மோடம் வழியே தொலைபேசியில் கூப்பிட்டு, சேர்ந்திருக்கும் மடல்களைக் கைமாற்றிக்கொள்ளும். நீங்கள் எழுதும் ஒருவரிக் கேள்வியும் வலையில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் நகலாகப் போகும். தொலைதூர அழைப்புக்கான கட்டணம் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் அல்லது நிறுவனத்தின் தலையில்.

பிற்பாடு பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால், 1980களில் யூஸ்நெட் படிக்க ஆர்என் என்ற நிரலை எழுதினார். அதனோடு வந்த மடல் அனுப்பும் நிரல், அனுப்புவதற்கு முன் ஒரு எச்சரிக்கை காட்டும். உங்கள் மடல் ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் போகப்போகிறது, நூற்றுக்கணக்கில், ஏன் ஆயிரக்கணக்கில்கூட டாலர் செலவாகலாம், நிச்சயமாக அனுப்பத்தான் வேண்டுமா என்று கேட்கும். நானாக இருந்தால் கணினியை மூடிவிட்டுப் படுத்திருப்பேன்.

"கேட்பதற்கு முன் தேடிப் பார்" என்பது இன்று எல்லாரும் சொல்லும் விதி. ஆனால் அன்று தேட வழியே இல்லை. வட்டில் இடம் போதாததால் பழைய மடல்கள் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் அழிக்கப்பட்டுவிடும். யூஸ்நெட் மடல்களைப் பெரிய அளவில் தேடித்தரும் டெஜா நியூஸ் வந்ததே 1995ல்தான். அதனால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. பதில் சொல்பவர்களுக்கு அலுத்துப்போய்ப் பிறந்ததுதான் "அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்" என்ற பட்டியல். 1980களின் தொடக்கத்தில் நாசாவில் பணியாற்றிய யூஜீன் மியா, விண்வெளி பற்றிய மடற்குழுவில் இதைத் தொடங்கியவர்களில் ஒருவர். இந்தப் பட்டியலும் அழிந்துபோகும் என்பதால் மாதாமாதம் மறுபடி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

ஆண்டுதோறும் செப்டம்பரில் அங்கே கல்லூரிகள் திறக்கும். புது மாணவர்கள் வந்து கண்டபடி கேட்பார்கள், திட்டு வாங்குவார்கள், சில வாரங்களில் வழிக்கு வந்துவிடுவார்கள். 1993ல் தொடங்கிய கூட்டம் மட்டும் ஓயவே இல்லை. 1994ல் ஏஓஎல் நிறுவனமும் தன் சந்தாதாரர்களுக்கு யூஸ்நெட்டைத் திறந்துவிட்டது. பழையவர்கள் அதற்கு "முடியாத செப்டம்பர்" என்று பெயர் வைத்தார்கள். 1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ், இணைய நடத்தை முறைகளைத் தொகுத்து ஆர்எஃப்சி 1855 என்ற ஆவணமாக வெளியிட்டார். எதையும் எழுதுவதற்கு முன் ஒன்றிரண்டு மாதம் சும்மா படித்துக்கொண்டிருங்கள் என்கிறது அது. கறுப்புத் திரையை வைத்துக்கொண்டு இரண்டு மாதமா!

இதற்குள் தொலைபேசிச் செலவு என்ற காரணம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. விதிகள் மறையவில்லை. இப்போது செலவாவது பதில் சொல்பவரின் நேரம். புட்டி மென்பொருளை எழுதிய சைமன் டேதம், வழுக்களை எப்படித் தெரிவிப்பது என்று 1999ல் ஒரு கட்டுரை எழுதினார். தவறு நிரலாளரின் கண்முன்னே நடப்பதுபோலச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். 2001ல் எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது பற்றி எழுதிய கட்டுரைதான் இவற்றில் மிகவும் பிரபலம். உங்கள் ஊகத்தைச் சொல்லாதீர்கள், கண்ட அறிகுறியைச் சொல்லுங்கள் என்பார்கள். பல மென்பொருள் தளங்கள் இதற்கு இணைப்புக் கொடுக்கப்போய், படித்தவர்கள் இவர்களிடமே உதவி கேட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். "நாங்கள் உதவி மையம் அல்ல" என்று கட்டுரையின் தலையிலேயே அறிவிப்புப் போடவேண்டியதாயிற்று. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அதே கட்டுரையின் கடைசிப் பகுதி பதில் சொல்பவர்களுக்கானது. மென்மையாகப் பேசுங்கள், சிக்கலில் இருப்பவர் பதற்றத்தில் முட்டாள்போலத் தெரியலாம் என்கிறது. இந்தப் பகுதியை யாரும் யாருக்கும் எடுத்துக்காட்டி நான் பார்த்ததில்லை.

2008ல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, இந்த விதிகளை இயந்திரத்திலேயே ஏற்றியது. நல்ல கேள்விக்கு மதிப்பெண், ஏற்கனவே கேட்ட கேள்விக்குப் பூட்டு. புதியவர்களுக்கு இது இதமான இடமாக இல்லை என்று 2018ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் அங்கே வரும் கேள்விகள் மளமளவென்று குறைந்தன. இயந்திரம் யாரையும் திட்டுவதில்லையே!

என் கறுப்புத் திரை என்ன ஆயிற்று என்கிறீர்களா? மறுநாள் கோபம் ஆறியபின் என் மடலைத் திரும்பப் படித்தேன். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எந்த கிராஃபிக்ஸ் கார்டு, திரை எந்த இடத்தில் கறுத்தது, ஒன்றுமே அதில் இல்லை. எல்லாவற்றையும் எழுதி மறுபடி அனுப்பினேன். பதில் போட்டவர் அதே நான்கெழுத்துக்காரர். இம்முறை ஒரு பக்கம் எழுதியிருந்தார். கணினி துவங்கும்போது கெர்னல் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று ஒரு சொல்லைச் சேர்க்கவேண்டும், அவ்வளவுதான். கீழே, "சரியானதும் குழுவுக்கு ஒரு வரி எழுதிவிடு தம்பி, அடுத்து வருகிறவனுக்கு உதவும்" என்றிருந்தது.

எழுதினேன். முதல் மடலில் அவர் அனுப்பிய நான்கெழுத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.