நொய்யல்ல ஓடுன சாயத்தண்ணி

வெள்ளியங்கிரி மலையில பொறந்து, கோவை, திருப்பூர் வழியா வந்து காவிரியில கலக்குற ஆறு நொய்யல். ஈரோடு, கரூர் பக்கத்து வயலுக்குப் பாசனம் தர 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் அணை வந்துச்சு. அதுல தேங்கினதோ திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவு. துணியில சாயம் பிடிக்க மூட்டை மூட்டையா உப்புப் போடணும். கழிவுத்தண்ணியில நிறத்தை நீக்கிடலாம். கரைஞ்ச உப்பு சாதாரணச் சுத்திகரிப்புல போகாது. அது கிணத்துக்கும் மண்ணுக்கும் இறங்கிச்சு. 'அணைத்தண்ணியே வேண்டாம்'னு பாசன விவசாயியே சொல்ற நிலைமை.

ஆயக்கட்டுக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. ஒரு சொட்டுக் கழிவும் வெளிய போகக்கூடாதுன்னு 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிச்சு. நடக்கல. 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு. வேலை இழந்தவங்கள்ல எங்களைப் போல கிராமத்துச் சனமும் உண்டு. அதனால அதை எங்க வெற்றின்னு கொண்டாட மனசு வரல.

அப்புறந்தான் கழிவுத்தண்ணியைச் சுத்தம் பண்ணி மறுபடி பயன்படுத்துற முறை வேகமாச்சு, உப்பையும் மீட்டாங்க. ஆக, வழி இல்லாம இல்லை. பட்டறை வைக்கிறப்பவே கீழ்மடை விவசாயியையும் கூப்பிட்டுக் கேட்டிருந்தா இத்தனை வருசம் கோர்ட்டு வாசல்ல நின்னிருக்க வேண்டாம். நீங்க போடுற பனியன்ல எங்க கிணத்துக் கதையும் இருக்குங்க.