அல்ஜீரியா: பலம் யாரிடம் இருந்தது?

ஆயுதமும் ஆளணியும் கூடிய பக்கம்தான் யுத்தத்தில் வெல்லும் எண்டு கனபேர் நினைக்கிறார்கள். அல்ஜீரியாவில் அப்படி நடக்கவில்லை.

1830இல் பிரான்ஸ் அங்கு படையிறக்கியது. பிறகு அந்த நாட்டைத் தன்னுடைய ஒரு பகுதி என்றே சொன்னது. 1954இல் அங்கே சுமார் 90 லட்சம் அரபு, பேர்பர் மக்களும், 10 லட்சம் ஐரோப்பியரும் இருந்தார்கள். நல்ல நிலமும் அதிகாரமும் ஐரோப்பியரின் கையில். அந்த வருடம் நவம்பர் 1ஆம் திகதி தேசிய விடுதலை முன்னணி போரைத் தொடங்கியது.

பிரான்சிடம் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட படையினர், ஹெலிகொப்டர்கள், துனீசிய எல்லையில் மின்சாரம் பாய்ச்சிய வேலி எல்லாம் இருந்தன. 1957இல் தலைநகர் அல்ஜியர்சில் முன்னணியின் இரகசிய அமைப்பைப் பரசூட் படை உடைத்தது. எப்படி உடைத்தது? பிடிபட்ட ஆக்களைச் சித்திரவதை செய்துதான். அது வெளியில் தெரியவர, பிரான்சுக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. 1958இல் இந்த யுத்தத்தால் நாலாவது குடியரசே கவிழ்ந்தது. ஆட்சிக்கு வந்த டி கோல் கடைசியில் பேச்சுவார்த்தைக்கு இறங்கினார்.

முன்னணியின் பலம் மலைகளில் மட்டும் இருக்கவில்லை. அதன் பிரதிநிதிகள் ஐ.நா. வரை போய் நியாயம் கேட்டார்கள். பிரான்சின் தொழிற்சாலைகளில் வேலைசெய்த அல்ஜீரியர் மாதாமாதம் காசு கொடுத்தார்கள். விரும்பிக் கொடுத்தவையும் உண்டு, பயத்தில் கொடுத்தவையும் உண்டு. 1961 ஒக்டோபர் 17இல் பரிசில் ஊரடங்குக்கு எதிராக அமைதியாக ஊர்வலம் போன அல்ஜீரியர் பலரைப் பொலிஸ் கொன்றது. செயின் ஆற்றில் பிணங்கள் மிதந்தன.

முன்னணியின் பெரிய பலவீனம் சகோதரச் சண்டை. மெசாலி ஹாஜின் இயக்கமும் சுதந்திரம்தான் கேட்டது. ஆனாலும் இரண்டு பக்கமும் பிரான்சின் தெருக்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒருவரை ஒருவர் சுட்டார்கள். 1957இல் மெசாலியின் பக்கம் நின்றதாக மெலூசாப் பகுதியில் சுமார் 300 கிராமத்தவரை முன்னணி கொன்றது. அதே வருடம் தன் சொந்தத் தலைவர்களில் ஒருவரான அபான் ரம்டானையும் கொன்றுவிட்டு, அவர் களத்தில் வீரமரணமடைந்தார் என்று தன் பத்திரிகையில் போட்டது.

1962 மார்ச் 18இல் எவியன் ஒப்பந்தம். யூலை 5இல் சுதந்திரம். 1965இல் முதல் சனாதிபதி பென் பெல்லாவை அவரோடு நின்ற இராணுவமே கவிழ்த்தது. 1990களின் உள்நாட்டுப் போரில் பல்லாயிரம் சனம் செத்தது.

பிரான்ஸ் களத்தில் வென்றும் அரசியலில் தோற்றது. அல்ஜீரியர் விடுதலையை வென்றார்கள். ஆனால் மாற்றுக் கருத்தைத் துவக்கால் தீர்க்கிற பழக்கமும் அதோட சேர்ந்து வந்திட்டுது.

எதிரியின் பலவீனத்தை எண்ணுவது லேசு. எங்கட பக்கத்துப் பலவீனத்தை எண்ணிப் பார்க்கிறதுதான் கஷ்டம். சரித்திரம் படிக்கிறது அதுக்குத்தான்.