தலைமுடியைவிட மெல்லிசு!

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைத் துடைக்கிறீர்களே... எதைத் துடைக்கிறீர்கள்? ‘இதென்ன கேள்வி, தகரத்தைத்தான்!’ என்பீர்கள். இல்லை. உங்கள் துணி தகரத்தைத் தொடுவதே இல்லை. பெரும்பாலான இன்றைய கார்களில் வர்ணத்தைக்கூடத் தொடுவதில்லை! வர்ணத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது. பெயர் ‘கிளியர் கோட்’. கனம் சுமார் 40, 50 மைக்ரான். நம் தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான். அதைவிட மெல்லிசான படலத்தைத்தான் வாரா வாரம் போட்டுத் தேய்க்கிறோம். போனால் போனதுதான், தானாக வளராது!

தரமணி டைடல் பார்க் பக்கம் வேலைக்குப் போய், கடன் வாங்கி முதல் காரை வாங்கிய நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “ஷாம்பு, வாக்ஸ், பாலிஷ், கோட்டிங்னு கடை முழுக்க அடுக்கி வெச்சிருக்கான் சார், எதை வாங்கறது?” கொஞ்சம் சரித்திரம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதற்கு மவுண்ட் ரோடு வரை போக வேண்டும்.

1840-ல் சென்னையில் தொடங்கியது சிம்ப்சன் கம்பெனி. தொழில்? குதிரை வண்டி கட்டுவது! 1903-ல் அதே கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் காரையே கட்டி ஓட்டிக் காட்டினார். அந்தக் காலத்து உயர்தர கோச்சு வண்டிகளின் பளபளப்புக்குக் காரணம் ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சிய வார்னிஷ். ஒரு கோட் அடித்து, காயவிட்டு, தேய்த்து, அடுத்த கோட்... வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். அதைக் கழுவ நல்ல தண்ணீரும் பஞ்சும்தான். காரம் மிகுந்த சோப்பு பட்டால் வார்னிஷ் மங்கிவிடும். குதிரை லாயத்திலிருந்து கிளம்பும் அமோனியா வாடைகூட ஆகாது என்று வண்டிக் கொட்டகையைத் தள்ளிக் கட்டினார்கள்!

1923-ல் அமெரிக்காவின் டியூபான்ட் கம்பெனி ‘டூக்கோ’ என்ற பெயின்ட்டைக் கொண்டுவந்தது. வாரக்கணக்கில் ஆன வேலை ஒரு சில நாளில் முடிந்தது. நம் ஊர் பெயின்ட்டர்கள் இன்றும் ‘டூக்கோ அடிக்கிறது’ என்று சொல்வது அதன் ஞாபகம்தான். ஒரே ஒரு குறை - வெயிலில் வெளுத்துப் போகும். அதனால் பாலிஷ் வந்தது. பாலிஷ் என்பது பூச்சு அல்ல, மிக நைசான உப்புத்தாள் மாதிரி! வெளுத்துப் போன மேல்தோலைச் சுரண்டி எடுத்து, உள்ளே இருக்கும் புது வர்ணத்தைக் காட்டும். துணியில் கார் கலர் ஒட்டும். அன்றைய பெயின்ட்டுக்கு அது சரி.

பெயின்ட் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. கிளியர் கோட் போட்ட காருக்கு ‘மாசம் ஒரு பாலிஷ்’ என்பது தாத்தாவுக்கு எழுதின மருந்துச் சீட்டைப் பேரனுக்குக் கொடுப்பது மாதிரி!

அடுத்தது சோப்புப் பவுடர். 1959-ல் சர்ஃப் வந்தது. 1969-ல் நிர்மா. வேட்டி சட்டையோடு காரையும் அதிலேயே குளிப்பாட்ட ஆரம்பித்தோம். துணிப் பவுடரில் சலவை சோடா உண்டு, நல்ல காரம். அழுக்கோடு சேர்த்து, காரின் மேலிருக்கும் மெழுகுக் காப்பையும் கழற்றிக்கொண்டு போய்விடும். கார் ஷாம்பு என்று தனியாக விற்பது வெறும் வியாபார தந்திரமில்லை. காரமும் அமிலமும் இல்லாத நடுநிலை ஷாம்புதான் வேண்டும்.

‘வாக்ஸ்’ என்ன செய்யும்? அழுக்கை எடுக்காது, கீறலையும் ஆற்றாது. பிரேசில் நாட்டுப் பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னவ்பா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். உங்கள் கிளியர் கோட்டுக்குப் பதிலாகத் தான் வெயில் மழையை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ‘செராமிக் கோட்டிங்’ அதைவிட நாள்பட நிற்கும். ஆனால் ‘9H’ என்று போட்டிருந்தால் வைரம் மாதிரி கடினம் என்று நினைத்துவிடாதீர்கள். அது பென்சில் கணக்கு! 9H பென்சிலால் கீறிப் பார்த்தும் கோடு விழவில்லை என்று அர்த்தம். மணல் பட்டால் கீறல் விழத்தான் செய்யும்.

தோல் சீட்டா? தரமணியிலேயே தோல் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. பக்கத்து அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கே படிக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள்: “தோலோட குணம் லேசான அமிலம் சார். சோப்பு காரம். ரெண்டும் சேராது” என்பார்கள். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக்கொண்டே இருந்தால் தோலின் எண்ணெய்ப் பசை போய், வெடிப்பு விடும்.

கடைசியாகத் தண்ணீர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. ஹோஸ் பைப்பெல்லாம் வேண்டாம், இரண்டு வாளி போதும். ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். கடற்கரை ஓர போர் தண்ணீர் என்றால் காயவிடாமல் உடனே ஒற்றி எடுங்கள். காய்ந்தால் உப்புப் புள்ளி!

இதில் இன்னொருவரும் இருக்கிறார். விடியற்காலை அப்பார்ட்மென்ட்டில் பத்துப் பன்னிரண்டு கார்களைத் துடைக்கும் பையன். ஒரு வாளி, ஒரு பழைய துணி. முதல் காரின் மணல் பத்தாவது காரில் கோடு போடும். வட்ட வட்டமாகக் கீறல் தெரிந்ததும் திட்டு வாங்குவது அவன்தான். ஆனால் அந்தத் துணியைக் கொடுத்தது யார்?

விலை உயர்ந்த கோட்டிங்குக்கு ஆயிரக்கணக்கில் எடுத்து வைப்பதற்கு முன்னால், உங்கள் காருக்கென்று ஒரு ஷாம்பு பாட்டில், இரண்டு வாளி, நாலு மைக்ரோஃபைபர் துணி வாங்கி அவன் கையில் கொடுங்கள். அப்புறம் திட்டுவதற்குக் காரணமே இருக்காது!