அட்லாண்டா நகரக் கட்டடங்களின் இரட்டை ஒளிப்படங்கள் (1864): பதிவும் தெரிவும்

முன்னுரை

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) ஒளிப்படங்களால் விரிவாகப் பதிவுசெய்யப்பட்ட தொடக்ககாலப் போர்களுள் ஒன்று. அப்படங்களுள் கணிசமானவை ஸ்டீரியோஸ்கோப் வழியாகக் காண்பதற்கென எடுக்கப்பட்ட இரட்டை ஒளிப்படங்கள். ஜார்ஜ் பர்னார்ட் 1864இல் அட்லாண்டாவில் எடுத்த கட்டடப் படங்களை முன்வைத்து, ஒளிப்படத்தில் பதிவானதற்கும் பின்னர் நினைவுக்கெனத் தெரிவுசெய்யப்பட்டதற்கும் இடையிலான வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

நுட்பமும் கட்டடமும்

இரு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. இவ்வேறுபாடு ஆழத்தை உணர்த்துவதை சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் விளக்கினார். இரண்டு வில்லைகள் கொண்ட ஒளிப்படக்கருவி இவ்விரு கோணங்களையும் பதிவுசெய்தது. ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1861இல் வடிவமைத்த எளிய கைக்கருவி, இப்படங்களைக் காணும் வழக்கத்தை அமெரிக்க இல்லங்களில் பரப்பியது. அக்காலத்து ஈரக் கொலோடியன் தகட்டிற்குச் சில நொடிகள் ஒளி தேவைப்பட்டதால், அசைவன மங்கின. அசையாத கட்டடங்கள் தெளிவாகப் பதிந்தன. எனவே, போரின் விளைவுகளைக் கட்டடங்களே பெரிதும் தாங்கி நின்றன எனலாம்.

அட்லாண்டாவின் இரு கட்டடங்கள்

ஷெர்மனின் படை 1864 செப்டம்பர் 2 அன்று அட்லாண்டாவைக் கைப்பற்றியது. நவம்பர் நடுப்பகுதியில் வெளியேறுமுன் அது இருப்புப்பாதை நிலையத்தைத் தகர்த்தது. படையின் ஒளிப்படக்காரராகிய பர்னார்ட், அந்நிலையம் இயங்கியதையும் இடிபாடாகக் கிடந்ததையும் பதிவுசெய்தார். இவ்விரு நிலைகளும் அழிவை முன்பின்னாக ஒப்பிட இடமளிக்கின்றன.

வொயிட்ஹால் தெருப் படம் வேறு வகையினது. கண்ணாடி, பீங்கான் கடைக்கு அருகே, ஏலமும் நீக்ரோ விற்பனையும் நடைபெறும் எனப் பெயர்ப்பலகை அறிவிக்கும் கட்டடம் நிற்கிறது. அதன் முன்னர், ஒன்றியப் படைச் சீருடையணிந்த கறுப்பினப் படைவீரர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். கட்டடம் சிதையவில்லை, அதில் நடந்த வணிகமே முடிவுக்கு வந்திருந்தது. மனிதர் விற்பனை பிற வணிகங்களோடு ஒரே கடைவரிசையில் நடைபெற்றது என்பதற்கு இப்பலகை நேரடிச் சான்றாகிறது.

தெரிவின் அரசியல்

பர்னார்ட் 1866இல் 61 பெரிய படங்களைக் கொண்ட தொகுப்பொன்றை வெளியிட்டார். அதன் விலை 100 டாலர். சில படங்களின் வெற்று வானத்தில் வேறு தகட்டிலிருந்து மேகங்கள் சேர்க்கப்பட்டன. சார்லஸ்டன், கொலம்பியா நகரங்களின் இடிபாடுகள் அதில் இடம்பெற்றன. வொயிட்ஹால் தெரு ஏலக்கூடம் இடம்பெறவில்லை. இத்தெரிவின் நோக்கம் எதுவாயினும், விளைவு தெளிவானது: தென்னகம் இழந்த மாளிகைகள் காட்சிக்கு வந்தன, அம்மாளிகைகளின் செல்வத்திற்கு அடித்தளமான விற்பனைக்கூடம் விடுபட்டது.

முடிவுரை

இடிபாட்டை மட்டும் காணும் நோக்கர், அழிந்ததற்காக இரங்குவர். அது எதன்மேல் எழுப்பப்பட்டது என வினவுவதில்லை. சிதையாத ஏலக்கூடத்தின் இரட்டை ஒளிப்படம் அவ்வினாவை எழுப்புகிறது. ஆகவே, ஒளிப்படத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அச்சேறிய தொகுப்போடு நில்லாது, அதில் இடம்பெறாத தகடுகளையும் உடன்வைத்துக் காண்பது இன்றியமையாதது.