நிம்ராட்: கணக்குச் சொல்லித்தர வந்த யந்திரம்

1951-ல் லண்டனில் 'பிரிட்டன் திருவிழா' நடந்தது. அதன் அறிவியல் கண்காட்சி சவுத் கென்சிங்டனில். ஃபெராண்டி கம்பெனி அங்கே ஏதாவது வைப்பதாக ஒத்துக்கொண்டுவிட்டது. என்ன வைப்பது என்றுதான் தெரியவில்லை. (டெமோ தேதியைச் சொல்லிவிட்டு அப்புறம் ப்ராடக்ட் தேடும் பழக்கம் நம் ஐடி கம்பெனிகள் கண்டுபிடித்தது இல்லை போலும்.)

ஜான் பென்னட் என்ற ஆஸ்திரேலியர் அப்போது ஃபெராண்டியில் வேலை பார்த்தார். நிம் என்ற ஆட்டத்தை மட்டும் ஆடும் கம்ப்யூட்டர் செய்வோம் என்றார். நாலரை மாதத்தில் தயார். பெயர் நிம்ராட். பன்னிரண்டு அடி அகலம், ஐந்து அடி உயரம். ஆனால் நிஜமான கம்ப்யூட்டர் அந்தப் பெட்டியில் ஒரு மூலைக்குத்தான் வரும். மற்றதெல்லாம் ஜனங்கள் பார்ப்பதற்கான பல்புகள்.

ஏன் நிம்? வீட்டில் புளியங்கொட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 3, 4, 5 என்று மூன்று குவியல். ஒரு முறைக்கு ஏதாவது ஒரு குவியலிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கு வெற்றி. இப்போது எண்களை பைனரியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: 011, 100, 101. முதல் பத்தியில் இரண்டு 1, கடைசிப் பத்தியிலும் இரண்டு. நடுவில் மட்டும் ஒற்றையாக ஒரு 1. முதல் குவியலில் இரண்டை எடுத்தால் அது 001 ஆகிவிடும். எல்லாப் பத்தியும் இரட்டைப்படை. எதிராளி எதை எடுத்தாலும் அந்த இரட்டை கலையும், நீங்கள் திரும்பச் சரிசெய்யலாம். அவ்வளவுதான் ரகசியம். கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட இதைவிட நல்ல ஆட்டம் கிடையாது என்பேன்.

பென்னட்டின் நோக்கமும் அதுதான். கையேடு ஒன்று ஒன்றரை ஷில்லிங்குக்கு விற்றார்கள். ஆட்டம் ஆடும் யந்திரம் நேர விரயமில்லை, இதே முறையில் சிக்கலான நடைமுறைக் கணக்குகளையும் போடலாம் என்று அதில் விளக்கம் வேறு.

ஜனங்கள் கேட்டால்தானே! வந்தவர்களில் பெரும்பாலோருக்கு யந்திரத்தோடு ஆட வேண்டும், இல்லை அடுத்தவர் தோற்பதைப் பார்க்க வேண்டும். பைனரியாவது பத்தியாவது. அதே வருடம் அக்டோபரில் பெர்லின் தொழிற்கண்காட்சிக்குப் போனது. அங்கேயும் கூட்டம் அம்மியது. மேற்கு ஜெர்மனியின் பொருளாதார அமைச்சர் லுட்விக் எர்ஹார்டும் ஆடித் தோற்றார்.

கேளிக்கை யந்திரமாக ஃபெராண்டி இதை வளர்க்கவில்லை. அந்தக் கூட்டத்தைப் பார்த்த எந்த ஸ்டார்ட்அப்காரனும் விட்டிருக்க மாட்டான்! அவர்களுக்கு வேண்டியது கம்ப்யூட்டர் வாங்கும் ஆட்கள். நிம்ராடைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

இதுவரை படித்தவர்களுக்கு ஒன்று: 7, 5, 3. நீங்கள்தான் முதலில் எடுக்கிறீர்கள். சரியான விடைகள் மூன்று இருக்கின்றன.