நியூ ஆம்ஸ்டர்டாம் நியூயார்க் ஆன கதை

நியூயார்க் நகரின் பழைய பெயர் நியூ ஆம்ஸ்டர்டாம். டச்சு மேற்கிந்தியக் கம்பெனி 1625-இல் மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் கோட்டை கட்டத் தொடங்கியது. அதைச் சுற்றி இந்தக் குடியேற்றம் வளர்ந்தது. அங்கு வாழ்ந்த லெனாப்பே மக்களிடமிருந்து 60 கில்டர் மதிப்புள்ள பொருளுக்குத் தீவை வாங்கிவிட்டதாக 1626-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று சொல்கிறது. கப்பலில் வந்து சேர்ந்த 7,246 பீவர் தோல்களின் கணக்கும் அதே கடிதத்தில் இருக்கிறது. கம்பெனியின் கண் எதன்மேல் இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆங்கிலேயர் வடக்கிலிருந்து தரைவழியே வருவார்கள் என்று அஞ்சி 1653-இல் தீவின் குறுக்கே மரவேலி எழுப்பினார்கள். கம்பெனியின் ஆப்பிரிக்க அடிமைகளும் அந்த வேலையில் கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டார்கள். இன்றைய வால் ஸ்ட்ரீட் அந்த வேலி நின்ற இடம்.

ஆங்கிலேயரோ கடல்வழியே வந்தார்கள். 1664 மார்ச்சில் மன்னர் இரண்டாம் சார்லஸ் அந்தப் பகுதி முழுவதையும் தம் தம்பி யார்க் கோமகன் ஜேம்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அப்போது இரு நாடுகளுக்கும் இடையே போரே இல்லை. ஆகஸ்ட் கடைசியில் ரிச்சர்ட் நிக்கல்ஸ் நான்கு கப்பல்களுடன் துறைமுகத்தை மறித்தார்.

ஆளுநர் பீட்டர் ஸ்டைவசண்ட் 1644-இல் கரீபியன் சண்டையொன்றில் வலது காலை இழந்தவர், பிடிவாதக்காரர். சரணடைந்தால் சொத்தும் வணிகமும் பத்திரம் என்று உறுதி கூறி வந்த கடிதத்தை ஊராருக்குக் காட்டாமல் கிழித்தெறிந்தார். ஊரார் விடவில்லை, துண்டுகளைச் சேர்த்துப் படித்தே தீர்த்தார்கள். கோட்டையிலோ போதிய வெடிமருந்து இல்லை. சரணடையும்படி 93 பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். அவர்களில் ஸ்டைவசண்டின் மகனும் ஒருவர். செப்டம்பர் 8-ஆம் தேதி, சண்டையே இல்லாமல், ஊர் கைமாறியது. கோமகனின் பட்டத்தை ஒட்டி நியூயார்க் என்ற பெயர் வந்தது.

சரணடைவு ஒப்பந்தத்தில் 23 விதிகள். டச்சுக்காரர்களுக்கு மனச்சாட்சிச் சுதந்திரமும் தங்கள் வழக்கப்படி வாரிசுரிமையும் கிடைத்தன. தங்களைக் காக்க முன்வராத கம்பெனிக்காக உயிரை விடாமல், குடிமக்கள் பேரம் பேசிப் பெற்ற பலன் இது. ஆனால் பேரம் பேச எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. அதே ஆகஸ்டில் ‘கிடியோன்’ கப்பல் சுமார் 290 ஆப்பிரிக்கர்களை அங்கே இறக்கியிருந்தது. கொடி மாறினாலும் அவர்களின் அடிமைத்தளை அறுபடவில்லை. இந்த வரலாற்றை எழுதுபவர்கள் அவர்களை விட்டுவிடக் கூடாது.

பின்னர் இரு நாடுகளுக்கும் இடையே மூண்ட போர் 1667-இல் முடிந்தபோது, பிரேடா உடன்படிக்கைப்படி நியூயார்க் இங்கிலாந்திடமே தங்கியது. கரும்பு விளையும் சூரினாம் டச்சுக்காரர்களுக்குப் போனது. மீண்டும் மூண்ட போரின்போது, 1673-இல், டச்சுக் கடற்படை ஊரைத் திரும்பப் பிடித்து ‘நியூ ஆரஞ்சு’ என்று பெயர் வைத்தது. அது ஓராண்டுக்குச் சற்று மேல்தான் நீடித்தது. வெஸ்ட்மின்ஸ்டர் உடன்படிக்கைப்படி 1674 நவம்பரில் ஊர் மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அன்று திரும்பிய நியூயார்க் என்ற பெயர் அமெரிக்க விடுதலைக்குப் பிறகும் மாறவில்லை.